தண்ணீர் எத்தனை நிமிடத்தில் இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் எங்கள் வாசகர் சந்திப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’ சிறுகதையைப் பேச எடுத்துக்கொண்டோம். ஒன்பது பேர் வந்திருந்தோம். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்துப்போன ஊர். கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டும். ஊரில் ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் பெண்கள் குடங்களோடு பெட்டிக்குள் ஏறி, கை கழுவும் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருநாள் இந்திரா என்ற பெண் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. வீடும் ஊரும் தேடி அலைகின்றன. கடைசியில் தண்டவாளத்தின் வழியே நடந்து வருகிறாள். கையில் தண்ணீர்க் குடம் அப்படியே இருக்கிறது.

பேச்சு நன்றாகத்தான் போனது. தண்ணீர் இங்கே பெண்ணின் விடுதலைக்கான குறியீடு என்றார் ஒருவர். ரயில் நவீனத்துவத்தின் குறியீடு என்றார் இன்னொருவர். குடம் கருப்பையைக் குறிக்கிறது என்றுகூட ஒரு வாதம் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான்: அந்தக் குடத்துல எத்தன லிட்டர்? வீட்டுல எத்தன பேரு?

கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் சிவில் எஞ்சினியர். புதிதாகக் கட்டும் வீடமைப்புப் பகுதிகளுக்குத் தண்ணீர்க் குழாய் வரைபடம் போடுவது என் வேலை. இலக்கியக் கூட்டத்தில் எஞ்சினியர் லிட்டர் கணக்குப் பேசினால் அது ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நம் வீடுகளில் புழங்கிய குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். ஐந்து பேர் உள்ள வீடு என்றால் ஒரு குடத்துக்கு ஆளுக்கு 3 லிட்டர். குடிக்கவும் கஞ்சி வைக்கவும் சரியாகிவிடும். மிச்சம் எதற்கும் இல்லை. மலேசியாவில் ஒருவர் ஒருநாளைக்கு 200 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறார். நான் போடும் வரைபடங்களில் 3 லிட்டர் என்பது கணக்கில் வரும் எண்ணே இல்லை, கசிவில் போகிற எண்.

இந்தக் கேள்வியை என்னைவிட ஒழுங்காகக் கேட்டவர்கள் இருப்பார்களே என்று தேடியபோதுதான் ‘டிராயர்ஸ் ஆஃப் வாட்டர்’ என்ற நூல் கிடைத்தது. நீர் சுமப்போர் என்று தமிழில் சொல்லலாம். தலைப்பு பைபிளிலிருந்து வருவது. விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதிக்கப்பட்டவர்களைப் பற்றிய தொடர் அது. 1972-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர்கள் மூவர். வெள்ளப்பெருக்கை ஆராய்ந்து பெயர் பெற்ற புவியியலாளர் கில்பர்ட் வைட், அவர் மனைவி ஆன் வைட், வெப்பமண்டல நோய்களைப் படித்த மருத்துவர் டேவிட் பிராட்லி. 1966 முதல் 1968 வரை கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளில் 34 இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், எத்தனை நடை, எவ்வளவு நேரம், வந்த தண்ணீர் எதற்கெல்லாம் போகிறது என்று எண்ணியிருக்கிறார்கள்.

இலக்கிய இதழில் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? இது நல்ல நூல் என்பது ஒரு காரணம். தண்ணீரைப் பற்றி நாம் எழுதும், வாசிக்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இந்த நூல் காட்டிக்கொடுக்கிறது என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் என் பாட்டி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நூலின் மிக முக்கியமான பங்களிப்பு பிராட்லி செய்த வகைப்பாடு. அதுவரை தண்ணீரால் வரும் நோய் என்றால் காலரா, டைபாய்டு, அதாவது கெட்ட தண்ணீரைக் குடித்து வருவது என்றே பொதுவாக நினைத்தார்கள். பிராட்லி இதை நான்காகப் பிரித்தார். குடிக்கும் நீர் வழியே பரவுவது ஒன்று. நீரில் வாழும் நத்தை போன்ற உயிர்களை இடையில் வைத்துப் பரவுவது ஒன்று. நீர்நிலையை ஒட்டி வளரும் பூச்சிகள் கடித்து வருவது ஒன்று, மலேரியா மாதிரி. மிச்சமிருக்கும் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. தண்ணீர் போதாமல், கழுவ முடியாமல் வரும் நோய்கள். சொறி, சிரங்கு, கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா எல்லாம் இதில் வரும். வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி முதல் வகையிலும் வரும், இதிலும் வரும்.

யோசித்துப் பாருங்கள். இந்த வகை நோய்க்குத் தண்ணீர் அசுத்தமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பளிங்கு மாதிரி சுத்தமான ஊற்று மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போதும். சுமந்து வரும் தண்ணீர் குடிக்கப் போகும், சமைக்கப் போகும், குழந்தையின் முகத்தைக் கழுவப் போகாது. நோயை உண்டாக்குவது தூரம்.

நான்கு ஆண்டு பல்கலைக்கழகத்தில் படித்தேன். தண்ணீரின் தரத்துக்குத் தனிப் பாடம் இருந்தது. குளோரின், கலங்கல், ஈ-கோலி எல்லாம் மனப்பாடம். தூரம் என்பது ‘ஹெட்லாஸ்’ கணக்கில் மட்டும் வரும், குழாயின் நீளமாக. குழாய் முடிந்த இடத்துக்கு அப்பால் ஒரு பெண் நடக்கும் தூரத்துக்கு எங்கள் வரைபடத்தில் கோடு கிடையாது.

தூரம் என்ன செய்யும் என்பதைக் கையில் எடுத்துக் காட்டியது பிறகு வந்த ஓர் ஆய்வு. மொசாம்பிக்கின் வடக்கே முவேடா என்ற மேட்டுநிலம். மேலே ஊர்கள், தண்ணீர் கீழே பள்ளத்தாக்கில். 1987-இல் சாண்டி கேர்ன்கிராஸ், ஜூலி கிளிஃப் இருவரும் அங்கே இரண்டு ஊர்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நமாவுவா என்ற ஊரில் பொதுக் குழாய் இருந்தது, ஒரு நடைக்கு 15 நிமிடம். இத்தாண்டா என்ற ஊரில் ஒரு நடைக்கு 5 மணி நேரம். முதல் ஊரில் ஆளுக்கு 11.1 லிட்டர், இரண்டாவதில் 4.1 லிட்டர். பிள்ளைகளிடம் டிரக்கோமா முதல் ஊரில் 19 விழுக்காடு, இரண்டாவதில் 38. சரியாக இரண்டு மடங்கு.

இதில் எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது அந்த 7 லிட்டர் வித்தியாசம் எங்கே போனது என்பதுதான். அவர்கள் அதையும் எண்ணியிருக்கிறார்கள். கூடுதலாகக் கிடைத்த தண்ணீரில் பெரும்பகுதி பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் போயிருக்கிறது. சுகாதாரக் கல்வி என்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் பக்கத்தில் வந்ததும் தாய்மார்கள் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், அவ்வளவுதான்.

கந்தர்வனின் இந்திரா கொண்டுவரும் குடத்தை நான் இப்போது இத்தாண்டாவோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஆளுக்கு 3 லிட்டர், 4 லிட்டர். கதையின் உலகமும் அந்த மேட்டுநிலமும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன. எங்கள் சந்திப்பில் தாகத்தைப் பற்றித்தான் பேசினோம். தாகம் தெரியும், அது தொண்டையில் இருக்கிறது, நாடகம் உள்ளது. கழுவாத கண்ணில் நாடகம் இல்லை. பத்து வருடம் கழித்து மெல்ல மெல்லப் பார்வை போகும். கதையில் வைப்பது கஷ்டம்தான். ஆனால் வாசிக்கும்போதாவது நாம் அதை நினைத்துக்கொள்ளலாம் இல்லையா?

சரி, தூரம் குறையக் குறையத் தண்ணீர் கூடிக்கொண்டே போகுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எஞ்சினியர் புத்தி நேர்கோடு போடும். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கத் தரவுகளையும் பிற்கால ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு வடிவம். போய்வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனால் அளவு கடுமையாக விழும். ஐந்து நிமிடத்துக்கும் அரைமணிக்கும் இடையில் கோடு கிட்டத்தட்ட தட்டையாக ஓடுகிறது, ஆளுக்கு 15 லிட்டரைச் சுற்றியே. ஐந்து நிமிடத்துக்குக் கீழே, குழாய் வாசலுக்கே வந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது.

இந்தத் தட்டைக் கோடு ஒரு வில்லங்கமான விஷயம். ஒரு கிலோமீட்டரில் இருந்த குழாயை முந்நூறு மீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று ஒரு திட்டம் பெருமைப்படலாம். கால் வலி குறைந்திருக்கும், நேரம் மிச்சமாகியிருக்கும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வரும் லிட்டர் ஏறக்குறைய அதேதான். உலக சுகாதார நிறுவனத்துக்காக கை ஹோவர்டும் ஜேமி பார்ட்ரமும் 2003-இல் எழுதிய அறிக்கையும் இந்தப் படிகளைத்தான் வைக்கிறது. இன்று உலக அளவில் ‘அடிப்படை’ குடிநீர் வசதி என்று எண்ணப்படுவது, வரிசையில் நிற்பதையும் சேர்த்து அரைமணிக்குள் போய்வரும் தூரம். அதாவது கோடு தட்டையாக ஓடும் இடம் முழுக்க ‘அடிப்படை வசதி உண்டு’ என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது. 

கோடு ஏன் தட்டையாகிறது என்பதை எந்த அறிக்கையைவிடவும் தெளிவாக எனக்குச் சொன்னது பாட்டிதான். அவர் பிள்ளை பெற்று வளர்த்ததெல்லாம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். லயத்தின் கோடியில் ஒரு பொதுக் குழாய். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய்த் தகரம் கட்டித் தூக்குவார்.

“பைப்பு எவ்ளோ தூரம் பாட்டி?”

“தூரம் என்னடா தூரம். பெரட்டுக்கு மணி அடிக்கிறதுக்குள்ள மூணு நட. மூணுதான் முடியும். நாலாவது நடைக்குப் போனா மணி அடிச்சிரும்.”

அவ்வளவுதான் விஷயம். குழாய் நூறு மீட்டர் பக்கத்தில் வந்திருந்தாலும் மூன்று நடைதான் போயிருப்பார், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளும்பாமல் இருக்கத் தகரத்துக்கு 16 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு தகரம், 96 லிட்டர். வீட்டில் எட்டுப் பேர். ஆளுக்கு 12. கென்யாவில் எண்ணியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

‘டிராயர்ஸ் ஆஃப் வாட்டர்’ நூலைப் பாராட்ட வேண்டியதற்கு இன்னொரு காரணம் அது ஏழைகளை முட்டாள்களாக நடத்தவில்லை. ஒரு பெண் பக்கத்து ஊற்றை விட்டுவிட்டுத் தூரத்து ஊற்றுக்குப் போனால், அறியாமை என்று எழுதி முடித்துவிடலாம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சுவை, விலை, பாதையின் ஏற்றம், அந்த ஊற்றில் யாரோடு நிற்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவள் முடிவில் கலந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். தண்ணீர் சுமக்க உடம்பு செலவழிக்கும் கலோரியைக்கூடக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருத்தி, சாப்பிட்டதில் ஒரு பங்கைத் தண்ணீருக்காக எரிக்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. இத்தனை பெண்களைப் பார்த்து எழுதிய புத்தகத்தில் ஒரு பெண்ணின் குரல் நினைவில் நிற்கும்படி இல்லை. அட்டவணை, வரைபடம், மறுபடி அட்டவணை. கலோரி இருக்கிறது, கழுத்து வலி இல்லை. இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ. அதைத் தலையில் வைத்து வருடக்கணக்கில் நடந்தால் கழுத்தெலும்புக்கும் முதுகுக்கும் என்ன ஆகும் என்பதை ஜோ-ஆன் கீரும் மற்றவர்களும் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் பார்த்து எழுதியது 2010-இல்தான். தூரத்தின் நோய் கழுவாத கையில் மட்டும் இல்லை, சுமந்தவளின் உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்ல நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வெளியிட்ட அறிக்கை, வீட்டில் தண்ணீர் இல்லாத 10 குடும்பங்களில் 7-இல் சுமப்பது பெண்களும் சிறுமிகளும் என்கிறது. சுமப்பவள் பெண் என்பதால்தான் இந்த நாற்பது வருடத் தாமதம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது, தோன்றுகிறது.

அதே இடங்களுக்கு 1990களின் கடைசியில் மறுபடி போய் இரண்டாவது ஆய்வும் செய்திருக்கிறார்கள். முப்பது ஆண்டு முன்னேற்றம் தெரியும் என்று நினைத்துப் படித்தால் குழப்பமாகிவிடும். குழாய் இல்லாத வீடுகளில் பயன்பாடு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது, நல்லது. ஆனால் குழாய் இருந்த வீடுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. குழாய் வந்துவிட்டால் தூரம் முடிந்துவிட்டது என்று நம்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல அடி.

எனக்கே ஒருமுறை நடந்தது. நான் இருப்பது லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட், நாலாவது மாடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணி கட் புதிது இல்லை. அந்தத் தடவை நான்கு நாள். கீழே தண்ணி லோரி வந்தது. பத்து லிட்டர் வாளி இரண்டு, 64 படி. பொறியாளர் புத்தி, சுவரில் காலண்டர் பக்கத்தில் எழுதி வைத்தேன். முதல் நாள் நான்கு நடை, 80 லிட்டர், தனி ஆளுக்கு. மூன்றாம் நாள் ஒரே நடை. குளியல் அலுவலகத்துக்குப் போனது. தட்டு கழுவாமல் பொட்டலச் சாப்பாடு. கையை? டிஷ்யூவில் துடைத்தேன். கழிவறைக்குப் போய்வந்த கையைத்தான் சொல்கிறேன். படித்த ஆள், கிருமி என்றால் என்னவென்று பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஆள். மூன்றே நாளில் 64 படி என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

தூரத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவைச் சொல்லும்போது இப்போதெல்லாம் எல்லோரும் காட்டுவது 2012-இல் ஏமி பிக்கரிங்கும் ஜெனிஃபர் டேவிஸும் வெளியிட்ட ஆய்வு. சகாராவுக்குத் தெற்கே 26 நாடுகளில் குடும்ப நலக் கணக்கெடுப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தண்ணீருக்குப் போகும் ஒருவழி நடை 15 நிமிடம் குறைந்தால், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு சராசரியாக 41 விழுக்காடும் ஐந்து வயதுக்குள் இறப்பு 11 விழுக்காடும் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. பெரிய எண்கள். எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு சந்தேகம். தட்டைக் கோடு உண்மையென்றால் நடுவில் 15 நிமிடம் குறைந்து என்ன மாறிவிடும்? ஆனால் தூரம் தின்பது லிட்டரை மட்டுமில்லையே. சுமந்து வரும் வழியிலும் பாத்திரத்தில் நாள்கணக்கில் நிற்கும்போதும் தண்ணீர் கெடுகிறது. தாய் நடந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் பிள்ளை வேறொரு பிள்ளையின் கையில் இருக்கிறது. நேரத்துக்குச் சோறு ஊட்டவோ காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்குத் தூக்கிப்போகவோ ஆள் இல்லை. கணக்கெடுப்பிலிருந்து எடுத்த தொடர்பு என்பதால் இத்தனை விழுக்காட்டை அப்படியே ஒரு ஊருக்குப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். திசை சரி என்று ஏற்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியது மொராக்கோவின் தாஞ்சியர் நகர ஆய்வு. அதுவும் 2012தான். எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஐவர் செய்தது. பொதுக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்த வீடுகளில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, வீட்டு இணைப்புக்கு வட்டியில்லாக் கடன் வாங்க உதவினார்கள். அந்த வீடுகளில் 69 விழுக்காடு இணைப்பு வாங்கின, மற்றவற்றில் 10 விழுக்காடுதான். நோய் குறைந்ததா? தண்ணீரால் வரும் நோயில் மாற்றம் தெரியவில்லை. பொதுக் குழாயிலும் அதே நல்ல தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மாறியது வேறு. நேரம் மிச்சமானது. அக்கம்பக்கத்தோடு சண்டை குறைந்தது. சந்தோஷமாக இருக்கிறோம் என்றார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல்தான் ஞாபகத்துக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதியது. சென்னையில் ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா, காற்று மட்டும் வரும் பம்புகள். அங்கே தூரம் மைல் கணக்கில் இல்லை. பக்கத்து வீடு, எதிர்த் தெரு. ஆனால் அந்த நாலு வாசல் தூரத்தைக் கடக்க ஜமுனா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. யார் கொடுப்பார்கள், யார் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள், எந்த நேரத்தில் போனால் முகம் சுளிக்க மாட்டார்கள். நிமிடத்தில் அளந்தால் அது ‘அடிப்படை வசதி உண்டு’ பெட்டியில் விழுந்துவிடும். தாஞ்சியரில் ஐந்து பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து அளந்து சொன்னதை அசோகமித்திரன் ஒரு தெருவை வைத்து நாற்பது வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். அந்த நாவலில் ஜமுனாவின் மனச்சோர்வை இருத்தலியல் என்று படித்தவர்கள் உண்டு. இருக்கலாம். தண்ணீர் கேட்டுப் பல வீட்டு வாசலில் நின்ற ஒருத்தியின் சோர்வு என்று படித்தால் நாவல் சிறியதாகிவிடுமா என்ன? எனக்குப் பெரியதாகத்தான் தெரிகிறது.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகமும், 1981-இல் பாலசந்தர் எடுத்த படமும் இந்த விஷயத்தில் வேறு ரகம். அங்கே தூரம் ஓர் அரசியல் குற்றம். யார் தண்ணீர் தரவில்லை என்று விரல் நீட்டுகிறது. தேவையான விரல்தான். ஆனால் படத்தில் வண்டிகட்டித் தண்ணீர் கொண்டுவருபவன் கதாநாயகனாகிவிடுகிறான். தினமும் சுமப்பவர்களை யாரும் கதாநாயகி ஆக்குவதில்லை. ஆண் சுமந்தால் புரட்சி, பெண் சுமந்தால் வீட்டு வேலை. இந்தப் படத்தின் மேல் மட்டும் வைக்கும் குறை இல்லை இது.

பாட்டிக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்தது. பதினாலு மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. வீட்டில் யாரும் அதிகம் பேசியதில்லை. இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் பாட்டி சொன்னார். தோட்டத்து டிரெசர் அப்போது திட்டினாராம், உங்க லயத்து ஆளுங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது, கையக் கழுவாம புள்ளைக்குச் சோறு ஊட்டுறீங்க என்று. பாட்டி அதை அறுபது வருடமாக மனதில் வைத்திருக்கிறார். “அவரு சொன்னதும் சரிதான்டா. நான் சரியா கழுவல.”

அந்தக் குழந்தை குழாயின் தூரத்தால்தான் இறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தனிச் சாவுக்குப் புள்ளிவிவரம் காரணம் சொல்லாது. ஆனால் ஆளுக்கு 12 லிட்டரில் குடித்து, சமைத்து, பால்வெட்டிவிட்டு வந்த உடம்பைக் கழுவி, ஆறு பிள்ளைகளின் பீத்துணி அலசி, அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளை ஊட்டுவதற்கு முன்னும் கை கழுவுவது நடக்கிற காரியமா என்று அந்த டிரெசர் ஒருநாளாவது தகரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்ததாம். இதையும் பாட்டிதான் சொன்னார், எந்தக் கோபமும் இல்லாமல், தகவலாக.

நம் தோட்டப்புறக் கதைகளில் பொதுக் குழாயடி அடிக்கடி வரும். சண்டை நடக்கும், காதல் துளிரும், வம்பு பேசப்படும். அந்தக் குழாய் லயத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எத்தனை வீட்டுக்கு ஒன்று, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதைப் போகிறபோக்கில் சொல்லும் கதை எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. பிள்ளைகளின் சிரங்கு வரும், ஏழ்மையின் அடையாளமாக. சிரங்குக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் நடை வராது. அதை எழுதச் சொல்லி யாருக்கும் உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்கிறார்கள்.

முவேடாவில் இரண்டு ஊர்களை ஒப்பிட்ட கதையைப் பாட்டியிடம் சொன்னேன். கூடுதல் ஏழு லிட்டரைத் தாய்மார்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“ஏழு லிட்டருன்னா எவ்ளோடா?”

சமையலறையில் இருந்த வாளியை எடுத்துக் காட்டினேன், முக்கால் வாளிக்குக் கொஞ்சம் குறைவு என்று. வாளியை வாங்கி உள்ளே பார்த்தார்.

“இதுல ஒரு புள்ளையக் குளிப்பாட்டிரலாம்” என்றார்.

அடுத்த சந்திப்புக்கு அசோகமித்திரனின் நாவலை எடுத்திருக்கிறோம். என்னை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை குறியீடே பேசக்கூடாதா என்று நண்பர் வாட்சாப்பில் கிண்டலாகக் கேட்டிருந்தார். தாராளமாகப் பேசலாம், அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு ஒரு பம்பு என்று முதலில் எண்ணிவிடுவோம் என்று பதில் போட்டேன். அவர் எண்ண ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்.